மூன்றாம் மாடியில் நேர்முகத் தேர்வு

ஊனமுற்றவர்களுக்கென்று ஒதுக்கிய வேலைக்கு மூன்றாம் மாடியில் நேர்முகத் தேர்வு வைத்த அந்த மகானுபாவர் யார் என்று மாரியம்மாவுக்குத் தெரிந்தாக வேண்டும். முதல் மாடித் திருப்பத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கியபோது வேறு எந்த நினைப்பும் அவளுக்கு ஓடவில்லை. வேலை கிடைக்குமா கிடைக்காதா என்பதெல்லாம் அப்புறம். முதலில் அந்த ஆளின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

மலேசியாவில் ஈப்போ நகரத்தில் வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய கட்டடம் அது. லிப்ட் கிடையாது. உயரமான படிகள், நடுவில் வழவழவென்று தேய்ந்து போனவை. இடது காலில் தொடையிலிருந்து சப்பாத்து வரைக்கும் இரும்பு மாட்டியிருக்கிறவளுக்கு அந்தப் படிகளில் ஏற ஒரே வழிதான் உண்டு. கைப்பிடியை இறுகப் பிடித்து வலது காலை மேலே வைத்து, பிறகு இடது காலைத் தானாக வராத மூட்டையை இழுப்பதுபோல இழுத்துச் சேர்க்க வேண்டும். போதாததற்கு அம்மா அவளுக்குச் சேலை கட்டிவிட்டிருந்தாள். பாவாடையும் சட்டையும் போட்டுக்கொள்கிறேன் என்று மாரியம்மா சொன்னதை அவள் காதில் வாங்கவே இல்லை. தரையைக் கூட்டுகிற மாதிரி தாழ்த்திக் கட்டினால்தான் இரும்பு வெளியே தெரியாதாம். அந்தச் சேலை இப்போது படிக்குப் படி சப்பாத்தில் மாட்டிக்கொண்டு உயிரை எடுத்தது.

"நீ மெதுவா வா. நான் மேல போயி பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு அம்மா ராக்காயி எப்போதோ ஏறிப் போய்விட்டாள். ராக்காயிக்கு அந்தப் படிகள் பழக்கம். குத்தகைக்காரன் கொடுத்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு தினமும் காலையில் அவற்றைப் பெருக்கித் துடைக்கிறவள் அவள்தான். பெருக்குவதற்கு நம்மவர்களைக் கூப்பிட இந்த நாட்டில் எவனும் யோசித்தது கிடையாது. ராக்காயிக்கு எந்த மாடியில் நேர்முகத் தேர்வு வைத்தார்கள்? நாளைக்கு வா என்றார்கள், வந்தாள். துடைப்பத்தைக் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டாள்.

மாரியம்மாவின் கதை அப்படியல்ல. செமோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து, நடக்கப் பழகிய வயதில் இளம்பிள்ளை வாதத்தில் காலைத் தொலைத்தவள். தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்று தொழிலாளர் லயங்களை இடித்தபின் தாயும் மகளும் புந்தோங்கில் வாடகை வீட்டுக்கு வந்தார்கள். லகாட்டில் ஒரு ஈயச் சுரங்கத்து ஆபீசில் டெலிபோன் சுவிட்ச்போர்டில் அவளுக்கு வேலை கிடைத்தது. முதலாளியான அந்தச் சீனத் தவுக்கே அவள் காலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மலாய் வருமா, இங்கிலீஷ் வருமா, சீனர் பேசும் கண்டனீஸ் கொஞ்சமாவது புரியுமா என்று கேட்டார். வரும் என்றாள். உட்கார் என்றார். அவ்வளவுதான் நேர்முகத் தேர்வு.

ஈயத்தின் விலை விழுந்தது, சுரங்கத்தை மூடினார்கள். அதற்கப்புறம் அவள் ஏறி இறங்காத இடமில்லை. தொழிற்சாலையில், நின்று செய்கிற வேலை என்று கையை விரித்தார்கள். துணிக்கடையில், "வர்ற ஆளுங்க ஒரு மாதிரி பாப்பாங்க லா" என்று சொல்லிக் குடிக்க ஒரு கிளாஸ் சிராப் கொடுத்து அனுப்பினார்கள். அந்தச் சிராப்பை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு வயிறு எரியும். வீடு அம்மாவின் துடைப்பத்தில் ஓடியது. அம்மாவுக்கோ முழங்கால் வீங்க ஆரம்பித்துவிட்டது.

அப்படி இருக்கும்போதுதான் அரசாங்க வேலையில் நூற்றில் ஒன்றை உடல் ஊனமுற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. ராக்காயி பெருக்குகிற அதே இலாகாவில் டெலிபோன் ஆப்பரேட்டர் ஓய்வு பெற்றுப் போய் இடம் காலியாக இருந்தது. ஒரே ஓர் இடம். மாரியம்மா மனுப் போட்டாள், கூப்பிட்டுவிட்டார்கள்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அந்தச் சுவிட்ச்போர்டு அறை இருப்பது கீழ்த்தளத்தில். கவுண்டருக்குப் பின்னால், வாசலிலிருந்து நாலு எட்டு. வேலை கீழே, தேர்வு மேலே. இதை யாரிடம் சொல்லி முட்டிக்கொள்வது?

காலையில் வந்தபோது வாசலுக்கு உள்ளே படிக்கட்டின் அடியில் ஓர் ஆள் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதிருக்கும். வெள்ளைச் சட்டை, கழுத்துப் பட்டை, படிய வாரிய தலை. தொடைக்குக் கீழே கால் சட்டையை மடித்துக் குத்தியிருந்தார்.

"இண்டர்வியூக்கா, தங்கச்சி?"

"ஆமாண்ணே."

"நானும் அதுக்குத்தான். பத்துமலைன்னு பேரு. தஞ்சோங் ரம்புத்தான்லேருந்து வாரேன். டெக்சிக்காரன் எறக்கி விட்டுட்டுப் போயிட்டான். மேல எப்படிப் போறதுன்னு கேட்டா, கவுண்டர்ல இருக்கிறவரு மேல போயி கேளுங்கங்கிறாரு!" சொல்லிவிட்டு அவர் சிரித்தார். மாரியம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. மேலே போனதும் சொல்கிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டுத்தான் அவள் படியேறத் தொடங்கினாள்.

இரண்டாம் மாடியை எட்டியபோது மேலேயிருந்து இலாகா குமாஸ்தாவான கிராணியின் குரல் கேட்டது. பெயர் கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள்.

"பத்துமலை!" பதில் இல்லை. "பத்துமலை!" கீழேயிருந்து ஏதோ ஒரு சத்தம் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறதுபோல வந்தது. கிராணியின் காதுக்கு அது எட்டவில்லை. மாரியம்மாவின் காதுக்கு எட்டியது. அவள் வாயைத் திறந்தாள், மூச்சு வாங்கியதில் குரல் எழும்பவில்லை. அது மட்டும் காரணமில்லை என்று அவளுக்கே தெரியும். ஓர் ஆள் குறைந்தது என்று மனசின் ஒரு மூலை கணக்குப் போட்டுவிட்டது. மூன்றாம் முறையும் கூப்பிட்டுவிட்டுக் கிராணி அடுத்த பெயருக்குப் போனார்.

"மாரியம்மா!"

"அடா, என்சிக்! அடா!"

'இருக்கேன் ஐயா' என்று மலாயில் பதில் சொன்னது ராக்காயி. கட்டடமே அதிர்ந்தது.

தோட்டத்துப் பெரட்டில் அவள் இருபது வருஷம் கொடுத்த குரல் அது. விடிவதற்கு முன்னால் ஆட்களை வரிசையில் நிறுத்தித் தோட்டத்துக் கிராணி பெயர் கூப்பிடுவார். கூப்பிட்டதும் பதில் வராவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை. அதனால் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கிறவளுக்காக மாமியார் குரல் கொடுப்பாள், புருஷனுக்காகப் பெண்டாட்டி கொடுப்பாள். இருட்டில் யார் பார்க்கப் போகிறார்கள்? மாரியம்மாவுக்குப் பதினைந்து வயதானபோது அவளையும் ராக்காயி புல் வெட்டுகிற கூட்டத்தில் சேர்த்துவிட்டாள். நடுவரிசையில், இரண்டு தடித்த பொம்பளைகளுக்கு நடுவில் நிறுத்தி வைப்பாள். நொண்டுகிற ஆளைக் கண்டால் கிராணி பேரை அடித்துவிடுவார். ஒருநாள் டார்ச் வெளிச்சம் மகளின் காலில் விழுந்தபோது, "முள்ளு குத்திருச்சிங்க, ரெண்டு நாள்ல சரியாப் போயிரும்" என்று சொல்லி ராக்காயி தப்பித்தாள். அந்த முள் அந்தக் காலில் மூன்று வருஷம் இருந்தது.

இப்போதும் அவள் அதைத்தான் செய்தாள். பெயரைக் கூப்பிட்டார்கள், மகள் வந்து சேரவில்லை, வேலை போய்விடும். குரல் கொடுத்தாள். அதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை.

கடைசி வரிசைப் படிகளில் மாரியம்மா பாதி ஏறியபோது, மேலே கதவைத் திறந்துகொண்டு சிவசுப்பிரமணியன் வெளியே வந்தார். இலாகாவின் உதவி அதிகாரி. தாத்தா காலத்தில் ஈப்போவில் வட்டிக்கடைக் கிட்டங்கி வைத்திருந்த குடும்பம், லண்டனில் படித்த பிள்ளை. ராக்காயிக்கு அவரைவிட இருபது வயது கூட இருக்கும்.

"ராக்காயி, நீ இங்கே என்ன செய்யறே? பேர் கூப்பிட்டது உன்னையா?"

"எம் மகளைங்கய்யா. வந்துகிட்டே இருக்கு. இதோ வந்திருச்சி."

அவர் எட்டிப் பார்த்தார். கைப்பிடியைக் கட்டிக்கொண்டு ஒரு காலை இழுத்துக்கொண்டு வருகிறவளைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "காலில் என்ன அவளுக்கு?"

மாரியம்மாவுக்கு அம்மாவின் வாயிலிருந்து என்ன வரப்போகிறது என்று தெரிந்துவிட்டது. 'அம்மா, வேணாம்' என்று கத்துவதற்குள் வந்துவிட்டது.

"ஒண்ணும் இல்லீங்கய்யா! முள்ளு குத்திருச்சி. ரெண்டு நாள்ல சரியாப் போயிரும். நல்லா நடக்கும், எல்லா வேலையும் செய்யும்!"

சிவசுப்பிரமணியன் அறைக்குள் இருந்த மலாய் அம்மையாரான தலைவியின் பக்கம் திரும்பி, ஊனம் எதுவும் இல்லை என்று தாயே சொல்கிறாள் என மலாயில் அறிவித்தார். "இப்படித்தான் புவான், நிறைய பேர் பொய் சொல்லிக்கொண்டு வருகிறார்கள்" என்று ஒன்றைச் சேர்த்தும் விட்டார்.

மாரியம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர்மேல் வந்ததா அம்மாமேல் வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. மீதிப் படிகளை எப்படி ஏறினாள் என்றும் தெரியாது. ஏறிவிட்டாள்.

உள்ளே குளுகுளுவென்றிருந்தது. நீள மேஜைக்குப் பின்னால் தலைவி புவான் ரொஹானி உட்கார்ந்திருந்தார். கோலாலம்பூரிலிருந்து மாற்றலாகி வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. பக்கத்தில் சிவசுப்பிரமணியன். ராக்காயி கதவோரத்தில் ஒட்டிக்கொண்டு நின்றாள். அவளைப் போகச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. பெருக்குகிறவள் அறையில் இருந்தால் இருக்கிறாள் என்று கணக்கில் எடுப்பதில்லை.

"ஒன்றைத் தெளிவாகச் சொல்" என்று சிவசுப்பிரமணியன் ஆரம்பித்தார். தமிழில்தான். "உன் மனுவில் ஊனம் என்று இருக்கிறது. உன் அம்மா முள் என்கிறாள். முள் என்றால் இந்த வேலை உனக்கில்லை, இது ஊனமுற்றவர்களுக்கு. ஊனம்தான் என்றால், இந்தப் படியில் தினமும் எப்படி ஏறி இறங்குவாய்? உன் நல்லதுக்குத்தான் கேட்கிறேன்."

அம்மா அவளைப் பார்த்தாள். முள் என்று சொல்லு, தாயி, சொல்லு என்று அந்தக் கண் கெஞ்சியது. பாவம், இது பெரட்டு இல்லை, இங்கே நொண்டிக்குத்தான் வேலை என்பது அவள் மண்டையில் ஏறவே இல்லை. வருஷக்கணக்காக மறைத்து மறைத்துப் பழகிய மனசு. மாரியம்மாவுக்கு அம்மாவைக் கட்டிக்கொண்டு அழவேண்டும் போலவும் இருந்தது, அம்மாவின் வாயில் ஒன்று போடவேண்டும் போலவும் இருந்தது.

அவள் குனிந்து, அம்மா தாழ்த்திக் கட்டிய சேலையை முழங்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்தாள். கருத்த இரும்பும் தோல் வார்களும் அவற்றுக்கு நடுவில் குச்சியாய்த் துவண்ட காலும் வெளியே வந்தன. வார் அறுத்த இடத்தில் ரத்தம் கசிந்திருந்தது.

சிவசுப்பிரமணியன் ஜன்னல் பக்கம் பார்த்தார். புவான் ரொஹானி தலையைக் குனிந்துகொண்டு, போதும், இறக்கு, என்றார்.

"நல்லாப் பாருங்க, புவான்" என்றாள் மாரியம்மா மலாயில்.  "மூணு மாடி ஏற வெச்சிட்டு, இப்பப் பாக்க மாட்டேன்னா எப்படி? நீங்களும் பாருங்க சார். இதுதான் அந்த முள்ளு. எங்கம்மா பொய் சொல்லிச்சி. நொண்டின்னு தெரிஞ்சா நீங்கல்லாம் தொரத்தி விடுவீங்கன்னு அதுக்குத் தெரியும். அதுதான் சொல்லிச்சி. வேல கொடுக்கிறோம் வான்னு கூப்பிட்டீங்க. இப்ப ஏற முடியலன்னா வேல இல்லைங்கிறீங்க. சுவிட்ச்போர்டு எங்க இருக்குன்னு சாருக்குத் தெரியாதா?"

புவான் ரொஹானி நிமிர்ந்தார். "எங்கே இருக்கிறது?"

 கதவோரத்திலிருந்து ராக்காயிதான் சொன்னாள். "கீழ, புவான். கவுண்டருக்குப் பின்னால. நான்தான் தினமும் பெருக்குறேன்."

"அப்படியானால் தேர்வை ஏன் இங்கே வைத்தீர்கள்?"

சிவசுப்பிரமணியன் கழுத்துப் பட்டையைச் சரி செய்தார். "இந்த அறையில்தான் ஏர்கோண்ட் இருக்கிறது, புவான்."

மாரியம்மா தேடிக்கொண்டு வந்த முகம் இதுதான். ஆனால் பார்த்ததும் திட்டக்கூடத் தோன்றவில்லை. அவர் வேண்டுமென்று செய்யவில்லை. அவளைப் போல ஒரு ஜீவன் இருப்பதே அவர் நினைப்பில் வரவில்லை. அதுதான் இன்னும் மோசம்.

புவான் ரொஹானி அதற்கப்புறம் அதிகம் கேட்கவில்லை. லகாட்டில் செய்த வேலையைப் பற்றி மலாயில் இரண்டு கேள்வி, இங்கிலீஷில் இரண்டு கேள்வி. பிறகு பேனாவை மூடினார். "மற்ற ஆள் வரவில்லை. உன் பெயரைத்தான் நான் எழுதப் போகிறேன்."

மற்ற ஆள் வரவில்லை. அந்த வார்த்தை காதில் விழுந்தபோது மாரியம்மா திறக்க வேண்டிய வாயைத் திறக்கவில்லை. நன்றி, புவான், என்று மட்டும் சொன்னாள். மேலே போனதும் சொல்கிறேன் என்று கீழே ஒருவரிடம் வாக்குக் கொடுத்தது நினைவில் இருந்தது. அதைச் சொல்லாமலே வெளியே வந்தாள்.

இறங்குவது ஏறுவதைவிடப் பயம். அம்மா இரண்டு படி முன்னால் இறங்கிக்கொண்டே தாங்கிப் பிடிக்கக் கையை நீட்டினாள், சிரித்தாள், அழுதாள், குலதெய்வத்துக்குப் பொங்கல் வைப்பதாக வேண்டிக்கொண்டாள். மாரியம்மாவுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

படிக்கட்டின் அடியில் பத்துமலை அதே இடத்தில் இருந்தார். சட்டை வேர்வையில் ஒட்டியிருந்தது.

"என்னைக் கூப்பிட்டாங்களா, தங்கச்சி? எம் பேரு மாதிரி கேட்டிச்சி. ரெண்டு மூணு வாட்டி கத்தினேன். மேல கேட்டிருக்காது போல."

ராக்காயி மகளின் இடுப்பில் நறுக்கென்று கிள்ளினாள். "வா, போலாம்" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. "நமக்கெதுக்கு? இருக்கிறது ஒரே வேல."

ஒரே வேலைதான். அம்மாவின் வீங்கின முழங்கால் கண்ணெதிரே நின்றது. பேசாமல் வாசலைத் தாண்டினால் போதும், ஒருத்தரும் ஒரு கேள்வி கேட்க முடியாது. துணிக்கடைக்காரனும் அவளை ஒன்றும் செய்யவில்லை, சிராப் கொடுத்து அனுப்பினான். இப்போது அவள் இந்த மனிதருக்குக் கொடுக்கப் போகிற சிராப் என்ன? பஸ் காசா? ஒரு நல்ல வார்த்தையா? தன்மேலேயே அவளுக்கு அப்படி ஓர் ஆத்திரம் வந்தது.

"கூப்பிட்டாங்கண்ணே. மூணு வாட்டி கூப்பிட்டாங்க. நீங்க கத்தினது எனக்குக் கேட்டிச்சி. வரலன்னு எழுதிட்டாங்க."

பத்துமலை அவளைப் பார்த்தார்.  மடித்துக் குத்திய கால் சட்டையை ஒருமுறை தடவிக்கொண்டார்.

"இருங்க" என்றாள்.

கவுண்டருக்குப் பின்னால் சுவிட்ச்போர்டு அறை திறந்தே கிடந்தது. ஆப்பரேட்டர் போனதிலிருந்து ஆபீஸ் பியூன்தான் இடையிடையே வந்து பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தார். மாரியம்மா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். லகாட்டில் இருந்த அதே மாதிரி போர்டு. ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு, மூன்றாம் மாடிக் கூட்ட அறை என்று எழுதியிருந்த துளையில் ஒயரைச் செருகினாள்.

"எந்திரிடி! பாவி, உன் வயித்துல நீயே அடிச்சிக்கிறியேடி!" ராக்காயி அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

மேலே மணி அடித்தது. புவான் ரொஹானிதான் எடுத்தார்.

"புவான், மாரியம்மா பேசறேன். மற்ற ஆள் வரலன்னு சொன்னீங்க. அவரு வந்திருக்காரு. காலையிலேருந்து கீழதான் இருக்காரு. ரெண்டு காலும் இல்லாதவரு. நீங்க கூப்பிட்டதுக்கு இங்கேருந்து பதில் சொல்லியிருக்காரு, யாருக்கும் கேக்கல."

 மறுமுனையிலிருந்து ஏர்கோண்டின் இரைச்சலோடு புவானின் குரல் வந்தது.

"மாரியம்மா, இருப்பது ஒரே இடம். உனக்குத் தெரியுமில்லையா?"

அம்மாவின் கை அவள் தோளில் அப்படியே நின்றுவிட்டது.

"தெரியும், புவான்" என்றாள் மாரியம்மா. "எங்களுக்குத்தான் ஏற முடியல. உங்களுக்கு எறங்க என்ன? எறங்கி வாங்க."